பேசறதுக்கு ஆள்

வணக்கம், நான் குழந்தைவேல், கிருத்திகா கண்ட்ரோல்ஸ் ஓனர் பேசறனுங்க. கண்ணாடிக்குள் இருந்த ஆள் இதைச் சொல்லிவிட்டு மந்திரி மாதிரி லேசாகத் தலையை அசைத்தான். ஓர் இடத்திலும் தட்டவில்லை. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான், அதே சுத்தம். பட்டறைக்குப் பின்னாலிருக்கும் இந்தக் குளியலறையில், ரசம் போன இந்தக் கண்ணாடிக்கு முன்னால், குழந்தைவேல் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நன்றாகப் பேசக்கூடியவர்களில் ஒருவன். கேட்கத்தான் ஆளில்லை. ஆள் வந்து நின்றால் பேச்சு வராது, பேச்சு வருகிற இடத்தில் ஆள் இருக்காது; நாற்பத்தெட்டு வயது வரைக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. நாயிடம் பேசுவான், கறந்துகொண்டே எருமையிடம் பேசுவான், பழுதான மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உனக்கு என்னடா கேடு என்று மணிக்கணக்கில் அதோடு பேசுவான், அதுகளிடமெல்லாம் குழந்தைவேலுக்கு நல்ல பெயர். கதவுக்கு அந்தப் பக்கம் மேசை இழுபடும் சத்தம் கேட்டது. விவசாயச் சேனல் நடத்துகிற மோகனசுந்தரம் வந்து அரை மணி நேரமாகிறது. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டான், சத்தம் மைக்கில் ஏறுமாம். வாசலில் டெம்போ வந்தால் பிடித்து நிறுத்த ஆள் போட்டாகிவிட்டது. வரும்போதே இரண்டு லைட்டு, அதற்கு ஒரு வெள்ளைக் குடை, கேமரா முக்காலி, எல்லாம் காரிலிருந்து இறக்கினான். பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி சிரித்த முகமாக வந்தான். போன வாரமே வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தான்: நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை வேண்டாமுங்ண்ணா, கேமராவுல நெளியும், என்னையப் பாக்க வேண்டாம், லென்ஸைப் பாருங்க, கை ரெண்டும் மேசை மேல தெரியட்டும், முதல் வரி மட்டும் கம்பீரமா வந்துட்டாப் போதும், மிச்சம் தானா வரும். முதல் வரி மட்டும். குழந்தைவேல் அந்தக் குரல்செய்தியை எத்தனை தரம் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. மற்ற வரியெல்லாம் மாற்றிப் போடலாம், ஒரு வார்த்தை வராவிட்டால் அதன் தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பெயருக்குத் தம்பி ஏது. அதுவும் ஒரே மூச்சில் இரண்டு பெயர், இரண்டும் கானாவில், ஒன்று அப்பன் வைத்தது, இன்னொன்று பெயர் ஜோசியர் வைத்தது. சட்டை வெளிர்நீலம், கோடு இல்லை, அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அவன் வாயைத் திறக்காமலே இத்தனை வருஷம் தொழில் நடந்தது என்றால் அது மச்சானால். மச்சான் என்றால் பெண்டாட்டி அம்சவேணியின் அண்ணன், ஈஸ்வரமூர்த்தி. பெட்டி செய்வது குழந்தைவேல், பெட்டியைப் பற்றிப் பேசுவது ஈஸ்வரமூர்த்தி. அந்தப் பெட்டி வைத்தால் தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஓட்டலாம், நிறுத்தலாம். கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானாக நின்றுவிடும். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போனால் மோட்டார் கருகுவதற்குள் பெட்டி முந்திக்கொள்ளும். இதையெல்லாம் ராவும் பகலுமாகப் பட்டறையில் உட்கார்ந்து வரவைத்தது இவன். உடுமலையிலும் தாராபுரத்திலும் கடை கடையாகப் போய் டீ குடித்துக்கொண்டே அழகாக எடுத்துச் சொன்னது அவன். ஒரு கல்யாணத்தில் இருவர் மாதிரிதான், ஒருத்தர் சமைத்தால் ஒருத்தர் பரிமாறுவது. பரிமாறுகிறவனைத்தான் பந்தியில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைவேல் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போதெல்லாம் மச்சான் பக்கத்திலிருந்து அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவான், எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே தானே பேசவும் ஆரம்பித்துவிடுவான். அதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்று இப்போது யோசித்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. வழுக்கி விழப்போகிறவனைப் பிடிக்கிற கை. பிடித்துப் பிடித்துப் பழகி, கடைசியில் நடப்பதே அவன் கால்தான் என்று ஆகிவிட்டது. ஆடி மாதம் அவன் தனியாகப் பிரிந்துபோய்ச் சின்னியம்பாளையத்தில் ஒரு ஷெட் பிடித்து அதே மாதிரி பெட்டி போட ஆரம்பித்தான். போகட்டும், தொழில் யாருக்கும் பட்டயம் போட்டுக் கொடுத்ததல்ல. ஆனால் டீலர்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறான். கோபியிலிருந்து ஒரு டீலர் அதை அப்படியே அம்சவேணியிடம் சொல்லிவிட்டார்: "அங்கே பேசறதுக்கே ஆளில்லீங்க. நாளைக்குப் பெட்டி நின்னு போச்சுன்னா ஆருகிட்டப் பேசுவீங்க?" பொய் இல்லை. பொய்யாக இருந்தால் சண்டைக்குப் போகலாம், போய் என்னத்தைப் பேசுவது என்பது வேறு கதை. தாராபுரம் போய்விட்டது, உடுமலை போய்க்கொண்டே இருக்கிறது, கோபி யோசிக்கிறது. கோடைக்கு முன்னால் மற்றவர்களும் போய்விட்டால் வயரிங் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதையும் யாரை வைத்துச் சொல்வது. ஓனரே கேமராவில் வந்து நின்று கேரண்டி சொன்னால் நம்புவார்கள் என்று அந்தக் கோபிக்காரர்தான் யோசனை சொன்னார். நல்ல மனுஷன். நல்லவர்கள் சொல்லும் யோசனைகள்தான் எப்போதும் குழந்தைவேலின் தொண்டைக்குழியில் வந்து முடிகின்றன.

வசம்பைச் சுட்டு இழைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவிய அம்மா, கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொன்ன பெரியப்பா, பிடரியில் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று போட்டுப் பார்த்த வாத்தியார், எல்லாருமே நல்லவர்கள். கூழாங்கல்லில் ஒன்றை முழுங்கியதுதான் மிச்சம். அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா. எவ்வளவு நல்ல வார்த்தை அது, உதட்டைக் குவித்தால் தானாக வெளியே வந்து நிற்கும். ஆறாவதில் டவுன் பள்ளிக்கூடம், அங்கே பிரசண்ட் சார். பானாவில் உதடு ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான், முன்பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்ப்பான், பின்பெஞ்சில் சிரிப்பு எழும்பும், வாத்தியார் நிமிராமலே அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நடு பெஞ்சின் ஓரத்தில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ரிஜிஸ்டரில் அந்த வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை என்று ஆயிற்று. அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். எங்கடா சுத்தறே என்று அப்பா கேட்டார். எங்கும் சுற்றவில்லை, அங்கேயேதான் இருந்தேன் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும். பாலிடெக்னிக் படிக்கும்போது காந்திபுரத்தில் பஸ் ஏறி, பீளமேடு என்று கேட்க முடியாமல் ஹோப்ஸ் என்று கேட்டு டிக்கெட் வாங்கி, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப்போய் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்தான். மூன்று வருஷமும் நடந்தான். ஹோட்டலில் பூரி சாப்பிட ஆசைப்பட்டு உட்காருவான், சர்வர் வந்து நின்றதும் இட்லி என்பான். பொங்கல் சாப்பிட நினைத்தாலும் இட்லி. இந்த மனுஷனுக்கு இட்லி என்றால் உயிர் என்று நினைத்து அம்சவேணி கல்யாணமான புதிதில் தினமும் இட்லி ஊற்றினாள், பாவம். அவளைப் பெண் பார்க்கப் போனபோது தரகர் பொண்ணு பேர் அம்சவேணிங்க என்றார். அம்சவேணி. ஆனாவில் தொடங்கி ஓர் இடத்தில்கூட வழி மறிக்காமல் போகிற பெயர். அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே அவன் சரி என்று தலையாட்டிவிட்டான். மாப்பிள்ளை பார்த்ததுமே மயங்கிவிட்டார் என்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். முகத்தைப் பார்த்த பிறகு மயங்கினான் என்பதும் உண்மைதான், அதை அவளிடம் சொன்னதில்லை. மயங்கினேன் என்பது மானாவில் தொடங்குகிறது, வருகிற வார்த்தைதான், சொல்லியிருக்கலாம். வருகிற வார்த்தைகளையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டாயிற்று, அதுதான் இதில் பெரிய நஷ்டம். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தான், பிறகுதான் மோகனசுந்தரம் பவுடர் போட்டு விட்டிருந்தது ஞாபகம் வந்தது.

துண்டால் ஒற்றிக்கொண்டு மறுபடி கண்ணாடி. வணக்கம், நான் குழந்தைவேல், கிருத்திகா. கிருத்திகா என்று மகளுக்கு வைத்தது பெயர் ஜோசியர். கியில் ஆரம்பித்தால் குழந்தைக்கும் யோகம், தொழிலுக்கும் யோகம் என்று கட்டம் போட்டுக் காண்பித்தார். அதே பெயரைக் கம்பெனிக்கும் வைத்துவிட்டான் ஈஸ்வரமூர்த்தி, பிளக்ஸ் அடிக்கக் கொடுத்த பிறகுதான் இவனிடம் சொன்னான். வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் ஏன் என்று கேட்பார்களே. பெற்ற பிள்ளையின் பெயரை என்னால் சொல்ல முடியாது, அதனால் வேண்டாம் என்று எந்த அப்பன் சொல்வான். பெயர் வைக்கும் நாளன்று வீடு நிறைய ஜனம். குழந்தையின் வலது காதில் அப்பன் மூன்று தரம் பெயர் சொல்லோணும் என்றார் ஐயர். மடியில் வைத்த குழந்தை தலை நிற்காமல் துவண்டது, புதுச்சட்டையில் மஞ்சள் வாசனை, எல்லோரும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தான். நாக்கின் அடி மேலே போய் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு பூட்டிக்கொண்டது, கி வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்து கிடந்தானோ, அப்பனுக்குப் பாசத்தில் எழுந்திருக்க மனசில்லை என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அவன் அந்தச் சின்னக் காதில் அம்மிணி என்றான். அம்மிணி, அம்மிணி. மூன்று தரம் ஆயிற்று, நிமிர்ந்தான், தாம்பாளத்தில் சர்க்கரை வந்தது. இந்தப் பக்கத்து அப்பன்கள் எல்லோருமே மகளை அம்மிணி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் இப்போது சென்னையில் காலேஜ் படிக்கிறாள், கிருத்திகா என்று எல்லாச் சான்றிதழிலும் இருக்கிறது, காதில் விழுந்த முதல் பெயர் மட்டும் வேறு. அது பாவமா என்று கோயிலில் கேட்டுவிடலாமா என்று நினைத்ததுண்டு. கேட்பதற்கும் வாய் வேண்டும். அவள் நேற்று ராத்திரி போன் பண்ணி, அப்பா நீங்க கேமராவுல நல்லாத்தான் இருப்பீங்க, சும்மா வீட்ல பேசற மாதிரி பேசுங்க என்றாள். வீட்டில் எங்கே பேசுகிறான். வீட்டில் அவனுக்காக எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், சுகமாகத்தான் இருக்கிறது.

கதவு தட்டப்பட்டது. "ஏனுங் மாமா, ஆச்சுங்களா? அந்தத் தம்பி எல்லாம் ரெடிங்கறாப்பல." அம்சவேணி. திறந்தான். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "பவுடரெல்லாம் போச்சாட்ட இருக்குது. வேர்த்துப் போச்சுங்களா?" ஆமாம் என்று தலையாட்டினான். ஈஸ்வரமூர்த்தி போன நாளிலிருந்து கம்பெனி போன்கள் எல்லாவற்றையும் அவள்தான் எடுக்கிறாள். அடுப்பையும் பார்த்துக்கொண்டு, எருமைக்கும் தண்ணீர் காட்டிக்கொண்டு, ரிலே போயிருக்குதுங்களா, எந்த லைட்டு எரியுதுங்க என்று கேட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு இவனிடம் ஓடி வந்து பதில் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்கிறாள். கூடப் பிறந்தவன் பிரிந்துபோனதற்கு ஒருநாள்கூட அவனிடம் அழவில்லை. ராத்திரியில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும்போது மட்டும் மூச்சில் ஒரு வித்தியாசம் தெரியும். அதையும் அவன் என்னவென்று கேட்டதில்லை. இப்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நா ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள். "அந்தத் தம்பிகிட்டச் சொல்லிப்போட்டு, பேரு, கம்பெனி பேரு ரெண்டையும் நாஞ் சொல்லிப் போடறேன். இவரு எங்க வீட்டுக்காரரு, இன்னாருன்னு. அப்பறம் நீங்க பெட்டியப் பத்தி மட்டும் பேசுங்க. பெட்டியப் பத்தின்னா உங்களுக்கு வந்துருமில்லீங்?" எவ்வளவு லேசான வழி. பள்ளத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டு, அந்தப் பக்கம் காத்திருந்து ஏற்றிக்கொள்வது போல. அவன் மனசு முழுக்க அதில் போய் உட்கார்ந்துகொண்டது. பெண்டாட்டி அறிமுகப்படுத்தினால் குடும்பமாகத் தொழில் செய்கிறார்கள் என்று ஜனங்களுக்கும் பிடிக்கும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஈஸ்வரமூர்த்தி ஒருத்தனைத் தவிர. அவன் பார்ப்பான். போனை முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டு பார்ப்பான். சிரிக்கமாட்டான், அந்த அளவுக்குக் கெட்டவன் இல்லை. பாவம் மாப்பிள்ளை என்பான். அந்தப் பாவம் மாப்பிள்ளை என்பது மனசுக்குள் கேட்டதும் குழந்தைவேலுக்கு ரோஷம் வந்திருந்தால் கதைக்கு நன்றாயிருக்கும், ரோஷம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. வாழ்நாள் பூராவும் யாராவது ஒருத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தனக்காகப் பக்கத்தில் நிற்கிறார்கள், அம்மா நின்றாள், மச்சான் நின்றான், இவள் நிற்கிறாள். இவளுக்கும் கால் வலிக்காதா. "வே... வே... இருக்கட்டும்," என்றான். அவள் தன் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள், வழி விட்டாள்.

ஆபீஸ் அறையில் எல்லாம் இடம் மாறியிருந்தது. மேசைமேல் ஒரு பெட்டி துடைத்து வைத்திருந்தது, பின்னால் கம்பெனி பெயர்ப்பலகை, முன்னால் அந்த முக்காலியில் கேமரா. "இங்க உக்காருங்ண்ணா. முதுகு நேரா. கை ரெண்டும் மேல. ஆங், அப்படித்தான். லென்ஸைப் பாருங்க. என்னையப் பாக்க வேண்டாம். நம்ம ஜனம் உள்ளாற உக்காந்திருக்குதுன்னு நெனச்சுக்கங்க." லென்ஸுக்குள் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. கறுப்பாக, உள்ளே லைட் இரண்டு புள்ளியாக விழுந்து, கிணற்றை எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது. மோகனசுந்தரம் விரல்களை மடக்கிக் காண்பித்தான், சிவப்புப் புள்ளி எரிந்தது. வணக்கம் வந்தது. நான் வந்தது. அதற்கப்புறம் வழியில்லை. கு என்று நாக்கு எழும்பி மேலே போய் அப்பிக்கொண்டது. சத்தம் இல்லை, மூச்சும் இல்லை, தாடை மட்டும் ஆடியது அவனுக்கே தெரிந்தது, அது படமாகிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. இந்த இடத்துக்கு அவன் ஆயிரம் தரம் வந்திருக்கிறான், ஒவ்வொரு தரமும் பக்கத்தில் ஒரு சந்து இருக்கும். வந்துங்க, நம்ம கம்பெனியில என்று அப்படியே திரும்பிவிடலாம். ஹோப்ஸ் போய் இறங்கலாம். இட்லி கேட்கலாம். ஃபேன் இல்லாத அறையில் எங்கோ ஒரு டிரான்ஸ்பார்மர் உறுமுவது கேட்டது, அது நம் பெஞ்சில் டெஸ்டிங்கில் இருப்பது, லோடு அதிகம் கொடுத்திருக்கிறார்கள், போய்ச் சொல்ல வேண்டும். மோகனசுந்தரத்தின் கை கேமராவின் பொத்தானை நோக்கிப் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது, நிறுத்தப் போகிறான், அன்பாக நிறுத்தப் போகிறான், தண்ணி குடிங்ண்ணா என்பான். அவனுக்குப் பின்னால் அம்சவேணி. அவள் உதடு குவிந்துவிட்டிருந்தது. கட்டின புருஷன் பெயரை வெளியில் சொல்லிப் பழகாதவள், அவன் மாட்டிக்கொள்கிற ஒவ்வொரு வேளையும் இப்படித்தான் அவளையும் அறியாமல் குவிந்துவிடும், இன்றைக்குச் சத்தமாகவே எடுத்துக் கொடுத்துவிடுவாள். குழந்தைவேல் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். அவள் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டாள். மேசைமேலிருந்த அவன் வலது கை தானாக எழும்பி, இருங்க என்பதுபோல் மோகனசுந்தரத்துக்கு நேரே நின்றது. அவனும் கையை எடுத்துக்கொண்டான். இப்போது அந்த அறையில் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில் இவ்வளவு நேரம் நின்றதே இல்லை, நின்று பார்த்தால் அது ஒன்றும் பாழுங்கிணறு இல்லை, வெறும் ஓர் இடம், சுவர் இருக்கிறது, லைட் எரிகிறது, மனுஷன் அங்கேயும் உயிரோடுதான் இருக்கிறான். நெஞ்சு கொஞ்சம் இளகியது. குழந்தைவேல் என்று வந்தது, பெரிதாகவும் இல்லை, கம்பீரமாகவும் இல்லை. கிருத்திகாவுக்கு மறுபடி நின்றது, அதுவும் வந்தது.

அப்புறம் பேசினான். பெட்டியைத் திறந்து காண்பித்தான், தண்ணீர் வற்றினால் எப்படி நிற்கும், ஃபேஸ் போனால் எப்படித் தெரியும், எந்த வயர் எங்கே போகிறது, எல்லாம். கை வேலையில் இருக்கும்போது வாய்க்கு அவ்வளவு காவல் இல்லை. இருந்தாலும் பத்துப் பதினைந்து இடத்தில் நின்றது, நின்ற இடத்திலெல்லாம் நின்றான். முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மோகனசுந்தரம் பெரிதாகச் சிரித்தான், ஃபேனைப் போட்டான். "சூப்பருங்ண்ணா. ஒரு கவலையும் வேண்டாம்," என்று லேப்டாப்பைத் திறந்து என்னவோ தட்டினான். "அந்த இடைவெளியெல்லாம் எடுத்துப் போட்டு ஒட்டிட்டா ஆருக்கும் தெரியாது. பாருங்க, சாம்பிளுக்கு முதல் வரி மட்டும்." திரையில் வெளிர்நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வணக்கம், நான் குழந்தைவேல், கிருத்திகா கண்ட்ரோல்ஸ் ஓனர் பேசறனுங்க என்றான். ஒரே மூச்சு. குழந்தைவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. தனியாக இருக்கும்போது மட்டும் வருகிறவன், எருமைக்கும் நாய்க்கும் மட்டும் பழக்கமானவன், இதோ பட்டப்பகலில் நாலு பேர் முன்னால். "இன்னொருக்கா," என்றான். மறுபடி போட்டான். அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நல்லாருக்குதுங்க மாமா என்றாள். நன்றாகத்தான் இருந்தது. இதற்காக எதையும் கொடுத்திருப்பான், பாலிடெக்னிக் நாட்களில் சாமியிடம் இதைத்தானே கேட்டான், இந்த ஒன்றை. இதைப் பார்த்தால் உடுமலைக்காரர் நம்புவார், கோபிக்காரர் சந்தோஷப்படுவார், ஈஸ்வரமூர்த்தி போனைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான், அம்மா இருந்திருந்தால் ஊரெல்லாம் போட்டுக் காட்டியிருப்பாள். அப்புறம் ராத்திரி மோட்டார் நின்றுபோன ஒரு விவசாயி போன் பண்ணுவார். வீடியோவில் அழகாகப் பேசின ஓனரைக் கூப்பிடுங்க என்பார். கூப்பிட்டால் யார் வருவது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள். திரையில் அவன் மூன்றாம் தடவை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான், குழந்தைவேலுக்கு அவன் மேல் பொறாமையாகவும் இருந்தது, பிரியமாகவும் இருந்தது. "வெட்ட வேண்டாமுங்க," என்றான். சொல்லச் சிரமப்பட்டான், சொல்லி முடித்தான். "அப்படியே போடுங்க. நாளைக்கு போன் பண்ணி அந்த ஆளைக் கேட்டாங்கன்னா, நா எங்க போயி அவனைக் கூட்டிட்டு வர்றது?"

மோகனசுந்தரம் அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "சரிங்ண்ணா," என்றான். "அப்ப வீடியோவுக்குக் கீழ போடற போன் நம்பர் அக்காவோடதுதானுங்களே?" அம்சவேணி பழக்கத்தில் நம்பரைச் சொல்ல வாயெடுத்தாள். "அவளோடது வேண்டாமுங்க," என்றான் குழந்தைவேல். "எ... என்னோடது போடுங்க." மோகனசுந்தரம் தட்டச்சு செய்ய விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். குழந்தைவேல் ஒம்பது என்றான். அடுத்த நம்பரில் நின்றுவிட்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அந்த நம்பர் அங்கே யாருக்கும் மனப்பாடமாகத் தெரியவும் தெரியாது. காத்திருந்தார்கள்.